பேரிமரத்தடிக் குவியல்

கோத்தகிரி மலையில் பனி வந்து தேங்குகிற பள்ளம் ஒன்று உண்டு. மேலே தேயிலைத் தோட்டங்களில் வெயில் ஏறிய பிறகும் அங்கே புல் நுனியில் வெள்ளை இருக்கும். அந்தப் பள்ளத்தில்தான் திலகவதி அம்மாவின் குடில் இருந்தது. ஓர் ஓட்டு வீடு, ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் ஒரு கல்தொட்டி, சுற்றிலும் தோட்டம்.

எல்லோரும் அம்மா என்றார்களே தவிர அவருக்கு நாற்பதைத் தாண்டி அதிக நாளாகவில்லை. அவர் சொற்பொழிவு செய்ய மாட்டார். தீட்சை கொடுக்க மாட்டார். கேள்வியோடு வருகிறவர்களுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுப்பார். பாதிப் பேர் அந்த வேலையைப் பார்த்ததுமே கேள்வியை மறந்து மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

நாச்சிமுத்து கிளம்பவில்லை.

அவர் கார்த்திகை மாதத்தில் ஒரு தோல்பையோடு வந்து இறங்கினார். அறுபதைக் கடந்தவர். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபது வயது சின்னவரின் காலில் விழுவதா வேண்டாமா என்று கொஞ்சம் தடுமாறி, கடைசியில் கைகூப்பினார்.

"சொல்லுங்க ஐயா."

"என் பொண்ணுங்கம்மா. சுகன்யா. மாப்பிள்ளை ஆடி மாசம் பைக்குல போறப்ப லாரி மோதி இறந்துட்டாருங்க. அன்னைக்குக் கதவைச் சாத்துனவதான். இன்னும் தொறக்கலை."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"என்னதான் பண்ணலைங்க? போயி ஜன்னலையெல்லாம் தொறந்துவிட்டேன். மாப்பிள்ளை துணிமணியை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயிட்டேன். சுவத்துக்குப் புதுசா வெள்ளை அடிச்சேன். அவ முந்தி வேலை பாத்த ஸ்கூல்ல பேசி வச்சேன். இன்னொரு கல்யாணத்தைப் பத்திக்கூட லேசா ஒரு வார்த்தை போட்டுப் பாத்தேனுங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"'அப்பா, கொஞ்ச நாளைக்கு நீங்க வராதீங்க'ன்னுட்டா."

தாயில்லாத பெண்ணை ஒற்றை ஆளாகத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவர்.

"வீட்டுல தனியா இருக்காங்களா?"

"தனியாத்தானுங்க. சம்பந்தியம்மா ஒருத்தர் இருக்காங்க. இருந்து என்ன? அவங்க பாட்டுக்கு உள்ரூம்புல சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடக்காங்க."

"அவங்க பேரு?"

"சம்பந்தியம்மான்னுதானுங்க கூப்பிடறது. பேரு கல்யாணப் பத்திரிகையில போட்டிருந்துச்சு. ஞாபகம் வரலைங்க." அந்தக் கேள்வி அவருக்கு அவசியமாகப் படவில்லை. "என் பொண்ணை எப்படி எழுப்பறதுங்கம்மா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

திலகவதி அம்மா வெளியே பார்த்தார். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பனி போற வரைக்கும் இங்க இருங்க. தோட்டத்தைப் பாத்துக்கங்க. பேரிமரத்தடியில சருகு குவிஞ்சு கெடக்கும். அது மட்டும் அங்கயே கெடக்கட்டும்."

"நான் கேட்டதுக்குப் பதிலுங்க?"

"பனி போகட்டும்."

*

மில்லில் பஞ்சுத் தூசி ஒரு மூலையில் சேர்ந்தால் போதும், ஒரே ஒரு பொறியில் மில்லே போய்விடும். அந்தப் பயத்திலேயே முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவர் நாச்சிமுத்து. எங்கே குப்பையைக் கண்டாலும் அவர் கை சீமாறைத் தேடும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில்கூட வாசலைப் பெருக்கிவிட்டுத்தான் உள்ளே போனார் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வதுண்டு.

குடிலின் தோட்டம் அவர் வந்த வாரத்திலேயே பளிச்சென்று ஆகிவிட்டது. பாத்திகளுக்கு நடுவே ஒரு சருகு கிடையாது. காய்ந்த அவரைக் கொடிகளைப் பிடுங்கினார். கல் இடுக்கில் இருந்த புல்லைக்கூட விடவில்லை.

பேரிமரத்தடிக் குவியல் மட்டும் அப்படியே இருந்தது. சுவரோரமாக இடுப்பு உயரத்துக்கு, உளுத்த பலகைகளும் கொடிகளும் கலந்து கிடந்தது. அவர் கூட்டி அள்ளுவதையெல்லாம் அம்மா அதன் மேலேயே கொண்டுபோய்க் கொட்டினார். நாச்சிமுத்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்த்தால் கை நமநமவென்றது.

வேலை முடிந்ததும் கேட்டுக்குப் போவார். அந்தப் பள்ளத்தில் அங்கே மட்டும்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். மகளுக்கு அடிப்பார். முழுக்க அடித்து நிற்கும். மறுபடி அடிப்பார்.

அம்மா அதைப் பார்ப்பார்.

*

மார்கழியில் ஒரு காலை கல்தொட்டியின் மேல் பனிக்கட்டி படிந்திருந்தது. நாச்சிமுத்து மலைப்பனி பார்த்தவர் இல்லை. வாளியை வைத்துத் தட்டிப் பார்த்தார். பிறகு ஓடிப்போய்க் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பனிக்கட்டி அப்பளம் கனம்தான் இருக்கும். அதற்குக் கடப்பாரை.

ஓங்கும்போது பின்னாலிருந்து, "ஐயா" என்று குரல் கேட்டது.

அம்மா ஒரு பித்தளைச் சொம்பில் வெந்நீரோடு வந்தார். சொம்பைப் பனிக்கட்டியின் மேல் வைத்தார். இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சொம்பைச் சுற்றி ஈரம் தெரிந்தது. மெல்ல வட்டமாக ஓர் ஓட்டை விழுந்தது. அதன் வழியே தண்ணீரின் கறுப்பு தெரிந்தது.

"ஒரு தட்டுத் தட்டுனா ஒடைஞ்சிருக்குமுங்களே" என்றார் நாச்சிமுத்து. "இம்புட்டு நேரம் எதுக்குங்க?"

"நீங்க வீட்டுக்குள்ள தூங்கறப்ப யாராவது கூரையை இடிச்சா எப்படி இருக்கும்?"

"உள்ள யாருங்க இருக்காங்க?"

"தெரியலை" என்றார் அம்மா. "அதனாலதான் மெதுவா."

*

தை பிறப்பதற்கு முந்தின நாள் போகி.

விவரம் தெரிந்த நாள் முதலாக நாச்சிமுத்து போகிக்குப் பழசைக் கொளுத்தாமல் விட்டதில்லை. கிழிந்த பாய், உடைந்த முறம், காய்ந்த மாவிலைத் தோரணம் எதுவானாலும் விடிவதற்குள் சாம்பலாகிவிட வேண்டும். பேரிமரத்தடியைத் தொடக்கூடாது என்று அம்மா சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அது கார்த்திகையில் சொன்னது, இன்றைக்குப் போகியல்லவா என்று தனக்குத் தானே வாதாடி ஜெயித்துக்கொண்டார். அம்மா பால் வாங்க மேட்டுக்குப் போயிருந்ததும் வசதியாகப் போயிற்று.

குவியலில் பாதியை அள்ளி வாசலுக்கு நடுவே கொண்டுவந்து கொட்டினார். அடியில் இருந்ததை அப்படியே கட்டி கட்டியாகப் பெயர்த்துத் தூக்கினார். பனியில் மேல் சருகு விறைத்திருந்தது. கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்று யோசித்துக்கொண்டே தீப்பெட்டியை எடுத்தபோது அம்மா பால்தூக்கோடு கேட்டைத் திறந்து வந்தார்.

நாச்சிமுத்து திருட்டு முழி முழித்தார்.

"போகிங்களே அம்மா. பழசை வச்சிருந்தா வீட்டுக்கு ஆகாதுங்க."

அம்மா கோபப்படவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"கொளுத்தறதுக்கு முன்னால கையை உள்ள விட்டுப் பாருங்க."

"எதுக்குங்க?"

"விடுங்க."

அவர் முழங்கை வரை கையை விட்டார். வெளியே அவ்வளவு பனி. உள்ளே அப்படி இல்லை. ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது. அவர் விரல் எதிலோ பட்டது. கல் என்று நினைத்து வெளியே எடுத்தார்.

தவளை. சருகின் நிறம். காலை மடக்கி, கண்ணை மூடி, உள்ளங்கையில் அடங்கி இருந்தது.

"செத்துப் போச்சுங்களே."

"அப்படியா?"

அவர் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அசைவே இல்லை. கீழே போடப் போன சமயம் அதன் தொண்டை ஒரே ஒரு தடவை துடித்தது.

"உசுரு இருக்குங்க!" என்று கத்தினார். அவர் கையிலிருந்த தீப்பெட்டி விழுந்துவிட்டது. குவியலைப் பார்த்தார், தீப்பெட்டியைப் பார்த்தார்.

"எடுத்த எடத்துலயே வச்சு மூடிடுங்க" என்றார் அம்மா. "குவியலையும் பழைய எடத்துக்கே கொண்டு போயிடுங்க. ஒரேயடியா வாராதீங்க. கை கையா எடுத்து வைங்க."

பால்தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நாச்சிமுத்துவுக்கு அன்று பொழுது முழுவதும் அதே வேலைதான். ஒரு பலகைக்கு அடியில் அரணை ஒன்று கிடந்தது. சுருண்ட இலைக்குள் பொறிவண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. ஓட்டுக்குள் ஒடுங்கிய நத்தைகள். இன்னும் இரண்டு மூன்று தவளைகள். ஒவ்வொன்றையும் இலையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார். மில்லில் புது மெஷின் வந்து இறங்கியபோதுகூட அவர் அத்தனை பக்குவமாக நடந்ததில்லை.

ஆனால் முதலில் எடுத்த தவளையை மட்டும் அவர் திரும்ப வைக்கவில்லை.

விறைத்துக் கிடக்கிற ஒரு ஜீவனை மறுபடி பனியில் போட அவருக்கு மனசு வரவில்லை. வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் துணியை விரித்து அதை வைத்தார். வேலைக்கு நடுவே வந்து வந்து பார்த்தார். ஒரு தடவை வந்தபோது கண்ணைத் திறந்திருந்தது. அடுத்த தடவை ஒரு காலை நீட்டியது. அதற்கப்புறம் கொட்டாங்குச்சியை விட்டே குதித்தது.

"எந்திரிச்சிருச்சு!" என்று தனியாக நின்று கைதட்டினார் நாச்சிமுத்து.

பொழுது சாய்வதற்குள் அதைக் கல்தொட்டியோரம் கொண்டுபோய் விட்டார். தவளைக்குத் தண்ணீர்தானே வீடு. "போ சாமி, பொழைச்சுக்க" என்று சொல்லி அனுப்பினார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்று அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கினார்.

பொங்கலன்று விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. தொட்டிக்கும் பேரிமரத்துக்கும் நடுவில் அந்தத் தவளை கிடந்தது. குவியல் இருந்த பக்கம் தலையை வைத்திருந்தது. பாதித் தூரம் வந்திருந்தது.

நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து அதன் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் வந்து புல் நனைந்து, பனி முழுக்க இறங்கிய பிறகும் அது துடிக்கவில்லை.

அம்மா வாசலில் பொங்கல் பானை வைத்திருந்தார். நாச்சிமுத்து இரண்டு கையிலும் தவளையை ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

"எழுப்புனனுங்கம்மா."

"ம்."

"நல்லாக் குதிச்சுதுங்க."

"ம்."

"நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க..."

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு எழுந்தார். பேரிமரத்தடியில் கைக்கொத்தால் ஒரு சின்னக் குழி எடுத்தார். நாச்சிமுத்து தவளையை அதில் வைத்தார். மண்ணைத் தள்ளி மூடினார். கையைக் கழுவத் தோன்றாமல் அங்கேயே நின்றார்.

"வாங்க" என்றார் அம்மா. "பொங்கல் ஆறுது."

அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். அம்மா அவர் இலையில் இன்னும் கொஞ்சம் நெய் விட்டார்.

*

அதன் பிறகு நாச்சிமுத்துவுக்குக் குவியலைத் தவிர வேறு நினைப்பில்லை. தான் கலைத்ததால் உள்ளே எத்தனை செத்ததோ என்கிற கவலை அவரை அரித்தது. காலையில் எழுந்ததும் அதன் முன்னால் போய் நிற்பார். கை நீளும். மடக்கிக்கொள்வார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"அம்மா, லேசா ஒரு ஓரத்துல மட்டும் தூக்கிப் பாக்கட்டுங்களா? உசுரோட இருக்குதான்னு தெரிஞ்சா போதும்."

"தெரிஞ்சா யாருக்கு நல்லது?"

அவர் யோசித்தார். சங்கடத்தோடு, "எனக்குங்க" என்றார்.

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அப்ப நான் என்னதானுங்க பண்றது? கையைக் கட்டிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"தொட்டியில பனிக்கட்டி இருந்தா வெந்நிச் சொம்பை வைங்க. காத்துல மேல் சருகு பறந்தா திரும்பப் போடுங்க. கீரி வந்தா விரட்டுங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அது கொஞ்சமாவா தெரியுது?"

தை மாதம் முழுக்க அவர் அதைத்தான் செய்தார். சருகு பறந்தால் போட்டார். சொம்பு வைத்தார். கீரி ஒன்று வந்தது, கல்லை எறிந்து விரட்டினார். மகளுக்குப் போன் அடிப்பதை ஒருநாள் நிறுத்திவிட்டார். ஆனால் அவள் கூப்பிட்டால் கேட்கவேண்டுமே என்று போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கேட்டுத் தூணில் தொங்கவிட்டார். அந்தப் பக்கம் பால்காரரும் கீரைக்காரியும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

மாசி பிறந்ததும் அவர், "நாளைக்கு ஊருக்குப் போயிட்டு வந்துடறனுங்க" என்றார்.

நாச்சிமுத்து தோட்டத்தில் கேரட் பிடுங்கி, மண்ணைக் கழுவி, ஒரு சாக்கில் கட்டினார். சுகன்யா சின்ன வயதில் கேரட்டைப் பச்சையாகவே கடித்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடுவாள். பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. வாசல் திண்ணையில் தூசி படிந்திருந்தது. பெருக்கவேண்டும் போல இருந்தது.

சாக்கை வாசலில் வைத்தார். மணியை அடிக்கவில்லை. திரும்பி நடந்தார்.

இருட்டுகிற நேரத்துக்குக் குடிலுக்கு வந்து சேர்ந்தார்.

"பொண்ணைப் பாத்தீங்களா?"

"இல்லைங்க. வாசல்ல வச்சுட்டு வந்துட்டேன்."

அன்று அவர் சாப்பிட்ட தட்டை அம்மா கழுவினார். வேண்டாமென்று நாச்சிமுத்து பதறியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் அவர் மறுபடி போனபோது வாசலில் கேரட் இல்லை. சாக்கு மட்டும் நாலாக மடிக்கப்பட்டு, காற்றில் போகாமல் இருக்க மேலே ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது. நாச்சிமுத்து அந்தச் சாக்கைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மகளின் கை பட்டது என்று நினைத்து முகத்தில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். கேரட் போய்விடும். சாக்கு மடித்து இருக்கும்.

*

பங்குனியில் ஒரு சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. மலை முழுக்க மண் வாசம். பள்ளத்தில் தண்ணீர் ஓடியது. இருட்டுவதற்கு முன்னால் பேரிமரத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. கதவு கீல் கிறீச்சிடுவதுபோல ஒரு தடவை. பிறகு தொட்டிப் பக்கம் இன்னொன்று. சற்று நேரத்தில் தோட்டம் முழுக்கத் தவளைச் சத்தம்.

நாச்சிமுத்து மழையில் நின்று கேட்டார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தச் சத்தத்தில் கேட்டுத் தூணில் போன் அடித்ததே முதலில் காதில் விழவில்லை.

ஓடிப்போய் எடுத்தார்.

"அப்பா."

"கண்ணு!"

"கேரட் தீந்துபோச்சுப்பா."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவளே பேசினாள். "அடுத்த வாரம் ஸ்கூலுக்குப் போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். வேலை இன்னும் இருக்கான்னு."

"இருக்குங் கண்ணு, இல்லாம எங்க போவுது! நாளைக்கே வந்துடறேன். துணிமணி எடுத்து வை. நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடறேன். அந்த வீட்டைப் பூட்டிப் போட்டுடலாம்."

"அத்தை?"

"அவங்களுக்கு அண்ணன் வீடு இருக்குதில்ல? அங்க கொண்டுபோய் விட்டுட்டாப் போவுது."

மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அங்கேயும் பெய்துகொண்டிருந்தது.

"நாள் பூராப் படுத்துத்தான் இருக்காங்க. ஆனா நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு மட்டும் எந்திரிச்சு வாசலுக்கு வருவாங்க. சாக்கை மடிச்சு வைக்கறது அத்தைதாம்பா."

"சரி சரி, வந்து பேசிக்கலாம்" என்றார் நாச்சிமுத்து. சந்தோஷத்தில் அவருக்கு எதுவும் சரியாகக் காதில் ஏறவில்லை.

தோட்ட மூலையில் சாத்தியிருந்த சீமாறையும் கூடையையும் எடுத்துக்கொண்டு குடிலுக்கு ஓடினார். அம்மா தாழ்வாரத்தில் நின்று மழை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு எந்திரிச்சிட்டாங்கம்மா! அவளே போன் பண்ணுனா. நாளைக்குப் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். பனியும் போயிடுச்சு. தவளையெல்லாம் கத்துதுங்க. நான் கிளம்பறதுக்கு முன்னால அந்தக் குவியலை அள்ளித் தோட்டத்தைப் பளிச்சுனு பண்ணிட்டுப் போயிடறேன்."

"எல்லாம் வெளிய வந்துடுச்சா?"

"கேக்கலைங்களா அம்மா? தோட்டமே கத்துதே!"

"கத்தறது கேக்குது" என்றார் அம்மா. "கத்தாதது?"

நாச்சிமுத்து பேரிமரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். மழை குவியலின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அவர் கூடையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சீமாறையும் சுவரில் சாத்தினார்.

மறுபடி மழையில் இறங்கிக் கேட்டுக்குப் போனார். தாழ்வாரத்திலிருந்த அம்மாவுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் நாச்சிமுத்துவுக்குச் சத்தமாகத்தான் பேச வரும்.

"கண்ணு, அப்பா பேசறேன். உங்க அத்தை பேரு என்ன சாமி?"

அவர் போனைக் காதில் வைத்தபடி வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மயிலாத்தாளுங்க" என்றார்.

அம்மா அந்தப் பெயரை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அவங்களுக்குக் கேரட் பிடிக்குமா?"

நாச்சிமுத்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரும்பவும் மழைக்குள் இறங்கிக் கேட்டுக்குப் போனார்.